பழைய கார் ஆம்ப்: மாட்டலாமா, விட்டுவிடலாமா?

விற்ற காரிலிருந்து கழற்றி வைத்தது, மாமா வீட்டுப் பரணில் கிடந்தது, புதுப்பேட்டையில் வேறு ஏதோ வாங்கப் போன இடத்தில் கண்ணில் பட்டது என்று எப்படியோ ஒரு பழைய கார் ஆம்ப்ளிஃபயர் கைக்கு வந்துவிடுகிறது. வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வாட்?" அடுத்த கேள்வி, "எத்தனை வருஷப் பழசு?" இந்த இரண்டுக்கும் கிடைக்கும் பதிலை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. இருபத்தைந்து வருஷப் பழைய ஆம்ப் இன்றைக்கும் சுத்தமாகப் பாடும். மூன்று வருஷம் ஓடிய ஒன்று உள்ளே கருகிப்போய் இருக்கும்.

கெட்டுப்போன ஆம்ப் பாடாமல் இருப்பதோடு நிற்காது. ஸ்பீக்கரை எரித்துவிடும், சில சமயம் ஒயரையும் உருக்கிவிடும். அதனால் "காரில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது" என்ற எண்ணத்தை முதலிலேயே விட்டுவிடுங்கள். மேசை மேல் வைத்து ஒவ்வொரு படியாகச் சோதியுங்கள். ஒரு படியில் தோற்றால் அங்கேயே நிறுத்துங்கள். இதற்கு எலெக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

கையில் இருக்க வேண்டியவை: டயோடு சோதனை வசதியுள்ள ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், நல்ல நிலையில் ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு எச்4 ஹெட்லைட் பல்பு, 10 ஆம்பியர் ஃபியூஸும் அதற்கான ஹோல்டரும், கொஞ்சம் ஒயர், போனால் போகட்டும் என்று விடக்கூடிய ஒரு பழைய ஸ்பீக்கர். உங்கள் நல்ல ஸ்பீக்கரைக் கடைசிவரை இதன் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

கையில் இருப்பது எந்த ரகம்?

கார் ஆம்புகளில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் வரும். பழையவை அநேகமாக கிளாஸ் ஏபி. நீளமான, கனமான அலுமினியப் பெட்டி, வெளியே வரிவரியாக, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க் துடுப்புகள். முழு வேகத்தில் ஓடும்போது பேட்டரியிலிருந்து இழுக்கும் சக்தியில் சுமார் 60 சதவீதம் ஒலியாக ஸ்பீக்கருக்குப் போகும், மிச்சம் வெப்பமாகும். கிளாஸ் டி வகை 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தும், அதனால் சின்னதாகவும் லேசாகவும் இருக்கும். தாழ்ந்த பாஸ் ஒலிக்கான சப்வூஃபருக்கு என்றே செய்த ஒற்றைச் சேனல் 'மோனோ' ஆம்புகள் 2000-க்குப் பிறகு பெரும்பாலும் கிளாஸ் டி ஆகிவிட்டன.

பெயரை ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் 1980களின் இறுதியிலும் 90களிலும் அமெரிக்காவில் செய்த சில ஆம்புகள் உண்மையிலேயே பொக்கிஷம். அரிசோனா மாநிலத்திலிருந்து மட்டும் ராக்ஃபோர்ட் ஃபாஸ்கேட், ஓரியன், பிரிசிஷன் பவர் என்று மூன்று பெரிய பெயர்கள் வந்தன. அன்றைய கார் ஒலிப் போட்டிகளில் ஆம்பின் அறிவிக்கப்பட்ட வாட்டை வைத்துத்தான் பிரிவு பிரித்தார்கள். அதனால் வேண்டுமென்றே குறைத்து எழுதிய ஆம்புகள் சந்தைக்கு வந்தன. ஓரியனின் 225 எச்சிசிஏ ஒரு நல்ல உதாரணம். காகிதத்தில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனல் ஒன்றுக்கு 25 வாட்தான். ஓம் குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும். ஆனால் அரை ஓம் சுமையைக்கூடத் தாங்கி, அதைப் போலப் பல மடங்கு தரும்படி செய்யப்பட்டது. இப்படி ஒன்று உங்கள் பரணில் இருந்து, மேலே '25 வாட்' என்று பார்த்துவிட்டுக் காயலான் கடைக்குப் போட்டால் அது பெரிய நஷ்டம்.

நம் ஊரில் அடிக்கடி கிடைப்பது இதற்கு நேர் எதிரான ரகம். மேலே பெரிய எழுத்தில் 1200 வாட், 2000 வாட் என்று அச்சடித்திருக்கும், உள்ளே பாதிப் பெட்டி காலியாக இருக்கும். அந்த எண் ஒரு கண நேர உச்சத்தை எல்லாச் சேனலுக்கும் சேர்த்துப் பெருக்கிப் போட்டது. நமக்கு வேண்டியது தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட். 2003-இல் அமெரிக்காவில் சிஇஏ-2006 என்று ஒரு அளவீட்டு முறை வந்தது. 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்குள் ஒலித் திரிபு என்ற நிபந்தனைகளில் அளந்து எழுத வேண்டும் என்பது அதன் சாரம். இதைப் பின்பற்றுவது கட்டாயமில்லை. ஆனால் பெட்டியிலோ கையேட்டிலோ அந்தப் பெயர் இருந்தால் எழுதியிருக்கும் வாட்டை நம்பலாம்.

ஃபியூஸைப் பாருங்கள், கணக்குப் போடுங்கள்

ஆம்பின் பக்கவாட்டில் கத்தி ஃபியூஸ்கள் செருகியிருக்கும். நிறமே அளவைச் சொல்லும்: நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30. எல்லா ஃபியூஸையும் கூட்டி, ஓடும் காரின் வோல்டேஜான 13.8-ஆல் பெருக்கி, கிளாஸ் ஏபி என்றால் 0.6-ஆலும் கிளாஸ் டி என்றால் 0.8-ஆலும் பெருக்குங்கள்.

இரண்டு 25 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள நான்கு சேனல் கிளாஸ் ஏபி ஆம்பை எடுத்துக்கொள்வோம். 50 × 13.8 = 690 வாட் உள்ளே போகிறது. அதில் 60 சதவீதம் சுமார் 410 வாட். நான்கால் வகுத்தால் சேனலுக்கு ஏறக்குறைய 100 வாட். முன் கதவு ஸ்பீக்கர்களுக்கு இது தாராளம். அதே சமயம் '1200 வாட்' என்று எழுதி ஒரே ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸ் வைத்திருக்கும் ஆம்ப்? 20 × 13.8 × 0.6 = 165 வாட், எல்லாச் சேனலுக்கும் சேர்த்து. இது உச்சவரம்பு மட்டும்தான். உண்மையில் கிடைப்பது இதற்கும் கீழேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. முன்பு வைத்திருந்தவர் ஃபியூஸை மாற்றியிருக்கலாம். ஃபியூஸ் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்டியிலோ போர்டிலோ சரியான அளவு அச்சிட்டிருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 25 போட வேண்டிய இடத்தில் 40 இருந்தாலோ, ஃபியூஸ் காலில் செம்புக் கம்பி சுற்றியிருந்தாலோ, அந்த ஆம்ப் ஃபியூஸை அடிக்கடி எரித்திருக்கிறது, யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேற்கொண்டு சோதிக்கலாம், ஆனால் சந்தேகத்தோடு.

வெளியே பார்க்க வேண்டியது

பேட்டரி ஒயர் மாட்டும் டெர்மினல் பிளாஸ்டிக் உருகியோ பழுப்பாகியோ இருந்தால், திருகு சரியாக முறுக்காமல் அதிகக் கரண்ட் ஓட்டியிருக்கிறார்கள். அதை மட்டும் மாற்றிவிடலாம், பெரிய குற்றமில்லை. ஸ்டீரியோவிலிருந்து பாட்டுச் சிக்னல் உள்ளே வரும் ஆர்.சி.ஏ. பின்களைக் கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். போர்டிலிருந்து ஈயம் விட்டுப் போயிருந்தால் தளதளவென்று ஆடும். மூக்கையும் துடுப்புகளின் அருகே கொண்டுபோங்கள். கருகிய வாசனை வருஷக் கணக்கில் போகாது.

சென்னையில் பழைய ஆம்ப் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்த்தாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. ஆம்பை மாட்டும் இடம் சீட்டுக்கு அடியில் அல்லது டிக்கித் தளத்தில், அதாவது காருக்குள் தண்ணீர் முதலில் வந்து சேரும் இடத்தில். வெளியே துடைத்துப் பளபளப்பாக்கி விற்றாலும் திருகுத் தலைகளில் துரு, டெர்மினல் ஓட்டைகளுக்குள் காய்ந்த சேறு, ஆர்.சி.ஏ. பின்னுக்குள் பச்சைக் களிம்பு ஆகியவை காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீரில் மூழ்கிய ஆம்பை நான் எந்த விலைக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன். சோதனை எல்லாம் தேறினாலும் ஆறு மாதம் கழித்து போர்டின் கோடுகள் அரித்துப் போகும்.

கரண்ட் கொடுக்கும் முன் மீட்டர்

மீட்டரை டயோடு சோதனையில் வையுங்கள். ஆம்பில் எதுவும் இணைந்திருக்கக் கூடாது, அதன் சொந்த ஃபியூஸ்கள் மட்டும் இடத்தில் இருக்கட்டும். கறுப்பு முனை எர்த் டெர்மினலில், சிவப்பு முனை பாசிட்டிவ் டெர்மினலில். உள்ளே உள்ள கெபாசிட்டர் மெல்ல நிரம்புவதால் எண் ஏறிக்கொண்டே போனால் நல்லது. இப்போது முனைகளை மாற்றி வையுங்கள். 0.4 முதல் 0.6 வரை ஏதோ ஒரு எண் காட்டும், அதுவும் இயல்புதான்.

இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்டி மீட்டர் கத்தினால் உள்ளே ஷார்ட். இங்கேயே மனம் உடைந்துவிட வேண்டாம். ஷார்ட்டுக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள். யாரோ பேட்டரி ஒயரை மாற்றி மாட்டியதால் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் டயோடு செத்திருக்கலாம். அது சின்ன வேலை, குறைந்த செலவு. அல்லது உள்ளே 12 வோல்ட்டை உயர்த்தும் மின்வழங்கிப் பகுதியின் மாஸ்ஃபெட்கள் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்கள்) போயிருக்கலாம், அது பெரிய வேலை. எது என்று தெரிய ரிப்பேர் தெரிந்தவர் வேண்டும். உங்களைப் பொறுத்தவரை, ஷார்ட் காட்டும் ஆம்புக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மூடியைத் திறந்து

அடித்தட்டுத் திருகுகளைக் கழற்றினால் போர்டு தெரியும். பெரும்பாலான ஆம்புகளில் கீழ்த்தட்டை மட்டும் எடுத்தால் போதும், போர்டைப் பெட்டியிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. கழற்றவும் வேண்டாம். டிரான்சிஸ்டர்கள் எல்லாம் பெட்டியின் பக்கச் சுவரோடு பட்டை போட்டு இறுக்கியிருக்கும், அந்தச் சுவர்தான் அவற்றின் ஹீட் சிங்க். போர்டைத் தனியாக எடுத்து வைத்துக் கரண்ட் கொடுத்தால் சில விநாடிகளில் நல்ல டிரான்சிஸ்டரும் செத்துப்போகும். புதிதாக இதில் இறங்குபவர்கள் நல்ல ஆம்பைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான். பட்டைத் திருகுகள் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள்.

உள்ளே முதலில் கண்ணில் படுவது செம்புக் கம்பி சுற்றிய வளையம், அதன் அருகே உருளையாக நிற்கும் பெரிய கெபாசிட்டர்கள். பழைய ஆம்பில் முதலில் மூப்படைவது இந்தக் கெபாசிட்டர்கள்தான். அவற்றின் உள்ளே திரவம் இருக்கிறது. சாதாரணமாக 105 டிகிரி வெப்பத்தில் 2000 மணி நேரம் என்ற ரீதியில் அவற்றின் ஆயுளைச் சொல்வார்கள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், கூடினால் பாதியாகும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் டிக்கியில் பத்துப் பதினைந்து கோடையைக் கழித்த ஆம்பின் கெபாசிட்டர் எந்த நிலையில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மேல்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால் மாற்ற வேண்டும். அடியில் ஈரமோ, காய்ந்த பழுப்புக் கறையோ, மீன் வாடையோ இருந்தால் கசிந்திருக்கிறது. அந்தத் திரவம் போர்டின் செம்பைத் தின்னும், அதனால் சீக்கிரம் மாற்ற வேண்டும். கெபாசிட்டர் ஆடாமல் இருக்கத் தொழிற்சாலையில் ஊற்றும் பசையையும் கவனியுங்கள். புதிதில் வெளிர் மஞ்சளாக இருக்கும் சில பசைகள் வெப்பத்தில் கறுத்து, ஈரத்தை இழுத்து, மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்துவிடும். கரும்பழுப்பாகிக் காய்ந்த பசை சின்ன ரெசிஸ்டர்களின் மேல் படர்ந்திருந்தால் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம்.

அடுத்து, பழைய ரிப்பேரின் தடயம். ஒரே வரிசையில் இருக்கும் டிரான்சிஸ்டர்களில் ஒன்று மட்டும் வேறு அச்சு, வேறு பளபளப்பு என்று இருக்கிறதா? ஈயம் வைத்த இடத்தில் பழுப்புப் பிசுக்கு அப்படியே இருக்கிறதா? ரிப்பேர் ஆனது தவறல்ல, நன்றாகச் செய்த ரிப்பேர் பல வருஷம் ஓடும். ஆனால் இணையாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்களில் செத்ததை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை விட்டிருந்தால் சுமை சமமாகப் பிரியாது. சந்தையில் போலி பவர் டிரான்சிஸ்டர்களும் உண்டு, மேலே அச்சு மட்டும் ஒரிஜினல் போலவே இருக்கும்.

பழைய ஆம்புகளுக்குச் சாதகமான ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அவற்றின் மின்வழங்கியை இயக்குவது பெரும்பாலும் டிஎல்494 என்ற ஐசி அல்லது அதற்குச் சமமான ஒன்று. இன்றும் தயாரிப்பில் உள்ளது, ரிச்சி தெருவில் கேட்டால் சொற்ப விலைக்குக் கிடைக்கும். உதிரிகள் கண்ணால் பார்த்துக் கையால் மாற்றக்கூடிய அளவில் இருக்கும். பல புதிய கிளாஸ் டி ஆம்புகளில் மணல் பருக்கை அளவு உதிரிகள், சொந்த எண் போட்ட ஐசிகள். போனால் போர்டையே மாற்ற வேண்டியதுதான். ரிப்பேர் செய்து நீண்ட நாள் வைத்திருக்க ஆசைப்படுபவருக்குப் பழையதே நல்லது.

பல்பு வைத்துக் கரண்ட் கொடுப்பது

மொத்தச் சோதனையின் உயிர் இந்தப் படிதான். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒயர் நேராக ஆம்புக்குப் போகக் கூடாது, நடுவில் எச்4 பல்பின் ஒரு இழை வழியாகப் போக வேண்டும். 55 வாட் இழை சுமார் 4.5 ஆம்பியருக்கு மேல் கரண்டை விடாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், ஆம்ப் எரியாது.

ஆம்பின் எர்த் டெர்மினலைப் பேட்டரி நெகட்டிவில் இணைத்துவிட்டு, பாசிட்டிவைப் பல்பு வழியாகக் கொடுங்கள். இந்த நிலையில் பல்பு எரியக் கூடாது. இப்போது ஒரு சின்ன ஒயரால் ஆம்பின் பாசிட்டிவ் டெர்மினலையும், காரில் ஸ்டீரியோ ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் டெர்மினலையும் தொடுங்கள். பல்பு பளிச்சென்று ஒரு கணம் எரிந்து, மங்கி, அணைந்தோ மிக லேசாக மினுங்கியோ நின்றால் ஆம்ப் உயிரோடு இருக்கிறது. பவர் விளக்கு வரும். அந்தப் பளிச்சிடல் கெபாசிட்டர்கள் நிரம்பியது. பல்பு முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள், உள்ளே பழுது.

ஸ்பீக்கரும் ஆர்.சி.ஏ. ஒயரும் இல்லாத நிலையிலேயே சிவப்பு 'புரொடெக்ட்' விளக்கு வந்தால் கோளாறு ஆம்புக்குள்தான். அந்த விளக்கு காரில் மட்டும் வந்து மேசையில் வராவிட்டால் கோளாறு ஸ்பீக்கர் ஒயரில் இருக்கலாம்.

பல்பு சோதனை தேறிய பிறகு பல்பை எடுத்துவிட்டு 10 ஆம்பியர் ஃபியூஸைப் போடுங்கள். மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி வரிசையில் வைத்து, பாட்டு எதுவும் இல்லாமல் எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். நான்கு சேனல் கிளாஸ் ஏபி ஆம்ப் ஒன்றிரண்டு ஆம்பியர் இழுப்பது சகஜம். சும்மா இருக்கும்போதே நாலைந்து ஆம்பியர் இழுத்து, ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தச் சேனலில் கோளாறு. ரிமோட்டை எடுத்த பின் கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் காரை நிறுத்திவைத்த இரவுகளில் பேட்டரியைக் குடித்துவிடும்.

திறந்த ஆம்ப் ஓடும்போது உள்ளே விரல் வைக்காதீர்கள். உள்ளே 12 வோல்ட் மட்டும் இல்லை. பிளஸ் 30, மைனஸ் 30 என்ற அளவில் இருக்கும், பெரிய ஆம்புகளில் இன்னும் அதிகம். மோதிரம், கைச்செயின் இருந்தால் கழற்றி வையுங்கள்.

ஸ்பீக்கர் முனையில் டிசி

கரண்ட் ஓடுகிறது, பாட்டு இல்லை, ஸ்பீக்கர் இல்லை. மீட்டரை டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு சேனலின் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே என்றால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் ரிப்பேருக்குக் காட்ட வேண்டும். வோல்ட் கணக்கில் வந்தால் அந்தச் சேனலில் எதையும் மாட்டவே கூடாது.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி உள்ளே இருக்கும் 30 வோல்ட் அப்படியே ஸ்பீக்கருக்கு வந்தால், 4 ஓம் காயிலில் 225 வாட் வெப்பம் தொடர்ச்சியாக இறங்கும். கூம்பு ஒருமுறை முன்னே தள்ளி நிற்கும், சில விநாடிகளில் புகை. நல்ல ஆம்பில் பாதுகாப்புச் சுற்று இதைத் தடுக்கும். ஆனால் பழைய ஆம்பில் அந்தச் சுற்று வேலை செய்கிறதா என்பதை ஸ்பீக்கரைப் பணயம் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கேட்டுப் பார்ப்பது

இப்போது அந்தப் பழைய ஸ்பீக்கரை மாட்டி, கெயினை (உள்ளே வரும் சிக்னலுக்கு ஏற்ப அளவை வைக்கும் திருகு) முழுக்கக் குறைத்து, போனிலிருந்து ஆர்.சி.ஏ. ஒயர் வழியாகப் பாட்டுக் கொடுங்கள். உங்களுக்கு மிகப் பழக்கமான பாட்டாக இருக்கட்டும். மெல்லிய ஒலியில் ஒரு தனிக் குரல், ஒரு வயலின். கோளாறு இருந்தால் சத்தம் குறைவாக இருக்கும்போதுதான் நன்றாகத் தெரியும்: குரலில் மணல் கலந்தது போன்ற கரகரப்பு வந்தால் டிரான்சிஸ்டர்களின் பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் அவற்றில் ஓட வேண்டிய சிறு கரண்ட்) சரியில்லை.

கெயின் திருகைச் சுற்றும்போது மட்டும் கரகரவென்றால் பயப்பட வேண்டாம். வருஷக் கணக்கில் அசையாமல் இருந்த திருகுகளும், ஒலியைப் பாஸ், மேல்சுரம் என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் சுவிட்சுகளும் உள்ளே மங்கிப் போயிருக்கும். காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, பலமுறை அங்கும் இங்கும் அசைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு சேனல் வந்து வந்து போனால் ஆர்.சி.ஏ. பின்னை ஆட்டிப் பாருங்கள், ஈயத்தைப் புதுப்பித்தாலே பல சமயம் தீர்ந்துவிடும்.

நடுத்தர ஒலியில் முக்கால் மணி நேரமாவது ஓட விடுங்கள். குளிர்ந்த நிலையில் ஒழுங்காகப் பாடிவிட்டுச் சூடானதும் விக்கும் ஆம்புகள் நிறைய. சூடான பிறகு டிசி அளவை மறுபடி ஒருமுறை பாருங்கள்.

உங்கள் காருக்கு இது ஏற்றதா?

ஆம்ப் நன்றாகவே இருக்கலாம், உங்கள் காருக்குப் பொருந்தாமல் போகலாம். சின்னப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான். ஏசி, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும் மழை இரவில் ஆல்டர்னேட்டரிடம் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். 50 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள நான்கு சேனல் ஆம்ப் சாதாரணப் பாட்டில் அதில் ஒரு பகுதியைத்தான் இழுக்கும், சமாளித்துவிடலாம். ஆனால் அதோடு ஒரு பழைய கிளாஸ் ஏபி சப்வூஃபர் ஆம்பையும் சேர்த்தால், பாஸ் அடிக்கும் ஒவ்வொரு முறையும் ஹெட்லைட் மங்கும்.

என் கருத்து இது: பழைய கிளாஸ் ஏபி ஆம்பை முன் ஸ்பீக்கர்களுக்கு வையுங்கள். சப்வூஃபர் வேண்டும் என்றால் அதற்குப் புதிதாக ஒரு கிளாஸ் டி மோனோ வாங்குங்கள். அதிக வாட் தேவைப்படும் இடத்தில்தான் கிளாஸ் டியின் சிக்கனம் கைகொடுக்கும். குரலும் கருவிகளும் வரும் முன்பக்கத்துக்கு 50, 60 சுத்தமான வாட் கொடுக்கும் பழைய ஆம்ப் எந்த வகையிலும் குறைந்ததல்ல.

பழைய ஆம்புகள் பல, வோல்டேஜ் குறைந்தால் வாட்டும் குறையும் வகை. 14.4 வோல்ட்டில் 100 வாட் தருவது 12 வோல்ட்டில் சுமார் 70 தரும். காதுக்கு இந்த வித்தியாசம் சொற்பமே, இதற்காக ஒரு ஆம்பை ஒதுக்க வேண்டியதில்லை.

காரோடு வந்த ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. வெளியீடு இல்லாமல் இருக்கலாம். ஆம்பில் ஸ்பீக்கர் ஒயரையே நேராக ஏற்கும் 'ஹை லெவல்' உள்ளீடும் இல்லை என்றால், ஸ்பீக்கர் சிக்னலை ஆர்.சி.ஏ. அளவுக்குக் குறைக்கும் ஒரு லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் நடுவில் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். இரண்டு சேனலை இணைத்து பிரிட்ஜ் செய்யும்போது, 4 ஓம் ஸ்பீக்கரை ஒவ்வொரு சேனலும் 2 ஓமாக உணரும். அதற்கும் கீழே போவது பெரும்பாலான ஆம்புகளுக்கு ஆபத்து.

ஆம்போடு வந்த பழைய ஒயரை மட்டும் பயன்படுத்தாதீர்கள். சந்தையில் மலிவாக விற்கும் ஒயர் கிட்டுகள் பல, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியவை. அலுமினியம் செம்பைப் போல 60 சதவீதம்தான் கடத்தும். 50 ஆம்பியர் வரை 10 சதுர மி.மீ. அசல் செம்பு ஒயர் போதும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ் கட்டாயம். அந்த ஃபியூஸ் காப்பது ஆம்பை அல்ல, ஒயரையும் உங்கள் காரையும். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளக்கும் தகட்டில் இறுக்குங்கள். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'ஊய்' சத்தத்துக்குப் பாதிக் காரணம் மோசமான எர்த்.

எப்போது கைவிடுவது

தண்ணீரில் மூழ்கியது, போர்டு கருகி ஓட்டை விழுந்தது, செம்புக் கோடுகள் உரிந்து வந்தது என்றால் விட்டுவிடுங்கள். கெபாசிட்டர் மாற்றுவது, ஈயத்தைப் புதுப்பிப்பது, டெர்மினல், பின் மாற்றுவது எல்லாம் தயங்காமல் செய்யலாம். நடுவில் நிற்பது மாஸ்ஃபெட், டிரான்சிஸ்டர் போன ஆம்ப். சாதாரண ரகமாக இருந்து, ரிப்பேர் செலவு அதே வேலை செய்யும் புது ஆம்பின் விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம். மேலே சொன்ன பழைய அமெரிக்க ரகமாக இருந்தால் அந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள், செய்துவிடுங்கள். கைவிட்டதையும் எடைக்குப் போடாமல் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால் வளையம், ஹீட் சிங்க், ஆர்.சி.ஏ. பின் எல்லாம் வேறொரு ஆம்புக்கு ஆகும்.

கடையில் வாங்கப் போகிறீர்கள் என்றால் மீட்டர், பல்பு, நாலு துண்டு ஒயர் ஆகியவற்றைப் பையில் எடுத்துப் போங்கள். பேட்டரி பெரும்பாலும் கடையிலேயே இருக்கும். ஃபியூஸ் கணக்கு, ஷார்ட் சோதனை, பல்பு சோதனை, டிசி அளவு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் போதும். "அண்ணே, ஒரு பல்பு வச்சுப் பாத்துக்கிறேன்" என்று கேட்டால் நல்ல சரக்கு வைத்திருப்பவர் மறுக்க மாட்டார். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.